பெத்லகேமில் ஒரு நிலச்சரிவு

சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சரிவு என்றால் என்னவென்று தெரியாது. எங்களுக்குத் தெரிந்த மேடு மேம்பாலம். தெரிந்த பள்ளம் மெட்ரோ வேலைக்குத் தோண்டியது. பரங்கிமலை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதில் படிக்கட்டு கட்டிவைத்திருக்கிறார்கள். படிக்கட்டு கட்டிவிட்டால் அது மலை இல்லை, மாடி.

இப்படிப்பட்ட ஊரில், மயிலாப்பூர்க் குளத்துக்கும் கடலுக்கும் நடுவே, தரையில் வைத்த கோலிக்குண்டு எந்தப் பக்கம் உருளுவது என்று யோசித்துக்கொண்டே நிற்கும் ஒரு தெருவில் வளர்ந்த நான், மலைகளுக்கு விவசாய ஆலோசனை சொல்லும் வேலையில் சேர்ந்தேன். படித்தது வேளாண் பொறியியல். அலுவலகம் பெருங்குடியில். செயற்கைக்கோள் படங்களையும் மண் மாதிரிகளையும் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் என்ன மண், எவ்வளவு சரிவு, அங்கே என்ன பயிர் வைக்கலாம், எப்படி நிலத்தைத் திருத்தலாம் என்று அறிக்கை எழுதுவது என் வேலை. இயல்பிலேயே நான் எதையும் வரிசைப்படுத்தித்தான் யோசிப்பேன். (காய்கறி வாங்கப் போனால்கூட கனமானது முதலில், நசுங்குவது கடைசியில்.) முகமும் அதற்கேற்ற முகம். உள்ளுக்குள் வீடு பற்றி எரிந்தாலும் வெளியே பேருந்துக்குக் காத்திருப்பவள் போலத்தான் தெரிவேன். இந்த முகம் எனக்கு ஒரு பரிசு வாங்கிக்கொடுத்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எனக்குத் தனியாகக் கிடைத்த முதல் பொறுப்பு, கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சின்ன ஊர். பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே எனக்குக் கொஞ்சம் மரியாதை இன்னும் மிச்சம் இருக்கிறது.

மலையில் என்ன விளைய வேண்டும் என்பதில் பாதியைத்தான் மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். மீதியை மழை எப்போதோ முடிவு செய்துவிட்டது. உச்சியிலிருந்த நைசான மண்ணை அது காலங்காலமாகக் கழுவிக் கீழே கொண்டுபோய்விட்டது. அதனால் உச்சியில் சரளைக்கல்லும் மெல்லிய மண்ணும்தான். அங்கே சாமை போடுகிறார்கள், அல்லது சில்வர் ஓக் மரம் நட்டு அதில் மிளகை ஏற்றிவிடுகிறார்கள். நடுச்சரிவில் ஆழமான செம்மண், களித்தன்மை அதிகம். அங்கே மரவள்ளி, அன்னாசி, வாழை. எல்லாவற்றுக்கும் கீழே, இரண்டு சரிவுகளும் சேரும் தட்டையான இடத்தில், மேலே இருந்தவர்கள் இழந்த மண்ணெல்லாம் கறுப்பாகச் சேர்ந்து கிடக்கும். அங்கே நெல். உச்சிக்காரர் இழந்ததைத்தான் பள்ளத்துக்காரர் சோறாகச் சாப்பிடுகிறார். முதல்முறை அங்கே போய்விட்டு வந்தபோது இதை வித்யாவிடம் சொன்னேன். வித்யா என் பக்கத்து மேஜைக்காரி, வேளச்சேரியில் வீடு. "எங்க ஏரியாவுக்கு ஊரே தண்ணி அனுப்புதே, அந்த மாதிரியா?" என்றாள். கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

நவமணி அக்காவின் நிலம் நடுச்சரிவில் இருந்தது. நல்ல செங்குத்து. அதில் மரவள்ளி. நிலத்தின் காலடியில் அவர் வீடு. திட்டத்தில் முதலில் படிப்படியாக வெட்டித் திருத்தப்போவது அவருடைய நிலம்தான். தை பிறந்ததும் வேலை தொடங்கும். நன்றாக வந்தால் அதே மாதிரி மலை முழுக்க.

"மழை பெஞ்சா என் காடு என்னையப் பாக்க வூட்டுக்கே வந்துருது கண்ணு" என்றார். (அங்கே மேட்டு நிலத்துக்குக் காடு என்று பெயர்.) வீட்டின் பின்சுவரைக் காட்டினார். ஜன்னலுக்குக் கொஞ்சம் கீழே வரை செம்மண் கறை.

"படி வெட்டுனா சரியாயிடும்க்கா."

"வெட்டுறதுதான் வெட்டுறீங்க, நல்லா அகலமா, சமமா வெட்டச் சொல்லு. எனக்கு முட்டி போச்சு. சாஞ்ச நெலத்துல நின்னு நின்னு ஒரு காலு நீளமாயிருச்சோன்னு சந்தேகமா இருக்கு."

நான் குறித்துக்கொண்டேன். அகலம். சமம். அதோடு என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். ஒவ்வொரு படிக்கும் வெளிவிளிம்பில் உயரமாக ஒரு வரப்பு. மழை பெய்தால் ஒரு சொட்டுகூட நிலத்தை விட்டுப் போகக்கூடாது.

ஏன் இந்த வெறி என்று கேட்டால், நான் சென்னைக்காரி. தண்ணீர் லாரியின் ஹாரன் சத்தத்துக்குத் தூக்கத்திலேயே குடத்தோடு எழுந்து போனவள். எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீர் செடிக்கு, துணி அலசிய தண்ணீர் பாத்ரூமுக்கு, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒரு வாளிக்கு. தண்ணீரைச் சும்மா போகவிடுவது எங்களுக்குக் கிட்டத்தட்டப் பாவம். (மார்கழிக்கு முன்னால் எங்கள் தெருவில் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீர் வேறு கணக்கு. அது நாங்கள் கேட்டு வந்ததில்லை.) ஆகவே மலையில் மழை பெய்தால் அதைப் பிடித்து வைக்க வேண்டும் என்று என் கை தானாகவே வரைந்தது. ராகவன் சார், என் மேலாளர், அவரும் மேற்கு மாம்பலத்துக்காரர், "நல்ல யோசனை" என்றார். இரண்டு லாரித் தண்ணீர்க்காரர்கள் சேர்ந்து ஒரு மலைக்குத் தொட்டி கட்டினோம். அறிக்கை புத்தாண்டு கழிந்ததும் அனுப்பத் தயார்.

இதற்கு நடுவே கிறிஸ்துமஸ் வந்தது.

எங்கள் பங்கில் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதிக்குப் பங்கு என்று பெயர்) ஒவ்வொரு ஆண்டும் குடில் போட்டி உண்டு. தெருக்களை அன்பியங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வோர் அன்பியமும் பொதுவான ஓர் இடத்தில் இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தைக் குடிலாக அமைக்கும். பங்குத்தந்தை வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். பழுப்புக் காகிதத்தைக் கசக்கினால் மலை. கேழ்வரகு முளைக்கவிட்டால் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தால் குளம். கையில் கிடைத்த பொம்மைகளெல்லாம் யூதேயா நாட்டு உயிரினங்கள். எங்கள் பெத்லகேமில் ஒரு முதலை உண்டு. அப்பா சின்ன வயதில் விளையாடிய ஹெலிகாப்டர் ஒன்றும் உண்டு. வானதூதருக்குப் பக்கத்தில் தொங்கும்.

எங்கள் அன்பியத்துக்கு அம்மா தலைவி. பள்ளியில் கணக்கு டீச்சர். பக்கத்துத் தெரு அன்பியத்தின் தலைவர் சேவியர் அங்கிள். அவர்தான் எப்போதும் ஜெயிப்பார். போன தடவை அவர் குடிலில் ஓடும் ரயில் இருந்தது. தொழுவத்தின் அருகே நின்று விசில் அடித்துவிட்டுப் போகும்.

"இந்த வருஷமும் அந்த மனுஷன் ஜெயிச்சாருன்னா நான் அடையார் பங்குக்கு மாறிடுவேன்" என்றார் அம்மா.

"நான் பண்றேம்மா. காகித மலை வேண்டாம். நிஜ மலை."

"நிஜ மலைன்னா?"

"மண்ணால. அளவுப்படி. எந்த மண்ணு எங்க இருக்கோ அங்க. எந்தப் பயிரு எங்க விளையுதோ அங்க."

"பெத்லகேம்ல மரவள்ளிக் கெழங்கா?"

"முதலை இருக்கறப்போ மரவள்ளி இருந்தா என்னம்மா?"

அம்மா முதலையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

மண் சேகரிப்பு ஆரம்பமானது. செம்மண் அடையாறில் ஒரு நர்சரியில் மூட்டை மூட்டையாக வாங்கினேன். பள்ளத்துக்குக் கறுப்புக் களிமண் வேண்டுமே என்றபோது, வித்யா தன் பக்கத்துக் காலிமனையில் அஸ்திவாரத்துக்குத் தோண்டிப் போட்டிருந்ததைக் கேட்டு வாங்கி, தன் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தாள். "வேளச்சேரி மண்ணு தண்ணிக்கு மேல இருக்கப்போறது இதான் முதல் தடவை. நல்லா பாத்துக்கோ" என்று கண்ணீர் வராத குறையாக ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

இடம், எங்கள் அபார்ட்மெண்டின் கார் நிறுத்துமிடம். செங்கல் அடுக்கி, அதன் மேல் ஒரு பழைய கதவைச் சாய்த்து வைத்தேன். அதுதான் அடிப்பாறை. தரை ஈரமானால் குடியிருப்போர் சங்கம் கடிதம் எழுதும் என்பதால் கதவின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்தேன். அதன் மேல் செம்மண். என் அறிக்கையில் இருந்த அதே வரைபடத்தை வைத்துக்கொண்டு, அதே அளவில், அகலமாக, சமமாக, விளிம்பில் வரப்போடு படிகளைச் செதுக்கினேன். உச்சியில் சரளை, சாமைக்குக் கடுகு முளை, சில்வர் ஓக்குக்கு முருங்கைக் குச்சிகள். நடுவில் மரவள்ளிக்கு வெந்தய முளை. கீழே வேளச்சேரிக் களிமண்ணில் நெல்லுக்குக் கேழ்வரகு. வரைபடத்தில் நவமணி அக்காவின் வீடு இருந்த புள்ளியில் மாட்டுத்தொழுவம்.

தொழுவத்தில் மாதாவும் அவர் கணவர் சூசையப்பரும் நின்றார்கள். அம்மாவின் கல்யாணத்துக்குச் சீராக வந்த சுரூபங்கள், சின்னச் சிலைகள். சூசையப்பரின் வெள்ளை அங்கியை அம்மா வருடாவருடம் பஞ்சால் துடைத்து, துணியில் சுற்றி வைப்பார். நடுவில் தீவனத்தொட்டி காலியாக இருந்தது. எங்கள் வழக்கப்படி குழந்தை இயேசுவை முன்கூட்டியே வைக்கமாட்டோம். கிறிஸ்துமஸ் பூசை முடிந்துதான் அவர் வருவார். அந்த வழக்கத்தை ஏற்படுத்திய புண்ணியவான் யாரோ, அவரை நான் இன்றுவரை நன்றியோடு நினைக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் ஆட்டோ ஓட்டும் தாஸ் அண்ணன் மட்டும் ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டார். தினமும் வண்டியைக் கழுவிவிட்டு வந்து மலையைச் சுற்றிப் பார்ப்பார்.

"இன்னாம்மா பெர்னா, இத்தினி வெயிட்டு வச்சிக்கினு கீற? தாங்குமா?"

"கணக்குப் போட்டுத்தான் கட்டிருக்கேன் அண்ணே."

"கணக்குப் போட்டா சரிதான்." வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். போதுமான அளவுக்குத் தள்ளவில்லை என்பது பிறகு தெரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, மாலையில், பங்குத்தந்தை வந்தார். காலையிலிருந்து பாவசங்கீர்த்தனம் கேட்டுக் களைத்திருந்தார். அப்போதுதான் இஸ்திரி போட்ட வெள்ளை அங்கி. எங்கள் அன்பியம் முழுக்கக் கூடியிருந்தது. எதிரியின் பலத்தைப் பார்த்துப்போக சேவியர் அங்கிளும் வந்திருந்தார். அம்மா ரோஸ் குக்கீஸ், கல்கல் என்று பலகாரம் நிறைந்த தட்டோடு நின்றார்.

நான் விளக்கத் தொடங்கினேன். உச்சி மண், நடு மண், பள்ள மண். லேசர் பாயிண்டர் வேறு வைத்திருந்தேன். ஃபாதர் உண்மையிலேயே குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, நெல்லு கீழயும் சாமை மேலயும் ஏன்? அதெல்லாம் சும்மா அழகுக்கா?"

"இல்ல ஃபாதர். மண்ணு அப்படித்தான் இருக்கு. இப்போ மழை வந்தா என்ன ஆகும்னு காட்டறேன்."

பூவாளியை எடுத்தேன். உச்சியிலிருந்து மெதுவாக ஊற்றினேன். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் நிறைந்து, வரப்புக்குள் அடங்கி, சீரியல் பல்ப் வெளிச்சத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிகளாக மின்னியது. கூட்டம் "ஆ" என்றது. சேவியர் அங்கிளின் முகம் சுருங்கியது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் பிறந்த அன்று அவர் இப்படிச் சந்தோஷப்பட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"பாருங்க ஃபாதர், ஒரு சொட்டு வெளிய போகலை."

"பிரமாதம். இன்னொரு தடவை மழை வரட்டுமே" என்றார் ஃபாதர்.

வரவழைத்தேன். தாராளமாக.

முதலில் உச்சிப்படிக்குப் பின்னால் ஒரு கோடு தெரிந்தது. மெல்லிய, வளைந்த கோடு. மலை சிரிப்பது போல இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். கல்லூரியில் படித்திருக்கிறேன், தேர்விலும் எழுதியிருக்கிறேன். மண் விலகும்போது வரும் வெடிப்பு. ஆனால் என் வாய் அந்த நேரத்தில் நடுச்சரிவு மண்ணின் நீர்ப்பிடிப்புத் திறன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. தொடங்கிய வாக்கியத்தை முடிக்காமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

"...ஆகவே இந்த மண்ணு தண்ணியை நல்லா பிடிச்சு வச்சு..."

மலை கிளம்பியது.

சரிந்தது என்று சொன்னால் அது சிதறியதாக நினைப்பீர்கள். அப்படியில்லை. ஊறிய செம்மண் முழுவதும் ஒரே துண்டாக, படிகள் கலையாமல், வெந்தயப் பயிர் ஆடாமல், பிளாஸ்டிக் தாளின் மேல் வழுக்கிக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கும் தலைவரைப் போல நிதானமாக வந்தது. பாதி வழியில்தான் அதற்கு அவசரம் வந்தது. ஒட்டகம் போனது. மூன்று ராஜாக்களும் போனார்கள். இடையர் ஒருவர் ஆட்டோடு போனார். தொழுவம் இருந்த இடத்தில் தொழுவம் இல்லை. கதவின் விளிம்பைத் தாண்டிய சேறு ஃபாதரின் அங்கியில் இடுப்புவரை அடித்தது. அவர் பின்வாங்கியதில் அம்மாவின் தட்டு பறந்தது. மிச்சம் தரையில் ஓடி, தாஸ் அண்ணன் கழுவி நிறுத்திய ஆட்டோவின் முன்சக்கரத்தில் போய் ஓய்வெடுத்தது. மேலே ஹெலிகாப்டர் மட்டும் அசையாமல் தொங்கியது. அந்தக் காட்சியில் அதற்கு முதல்முறையாக ஓர் அர்த்தம் வந்திருந்தது.

தாஸ் அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார்.

"மாட்டுக் கொட்டாயே காணோமேம்மா!"

"மாதா!" என்று அம்மா ஓடி, சேற்றில் கையை விட்டார்.

ஃபாதர் தன் அங்கியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முகம் வழக்கம்போலப் பேருந்துக்குக் காத்திருந்தது. கையில் லேசர் பாயிண்டர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது; சிவப்புப் புள்ளி, தொழுவம் இருந்த இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது.

"மலையில இப்படித்தான் நடக்குதுன்னு காட்டினியாம்மா?" என்றார், மெதுவாக.

"இல்ல ஃபாதர், இது நான்..."

"ஒரு ஏழை வீடு சேத்துக்குள்ள போறதை நேர்ல பாத்த மாதிரி இருக்கு" என்றார் ஃபாதர். கைதட்டத் தொடங்கினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். சேவியர் அங்கிளும் தட்டினார், முணுமுணுத்தார்: "நம்ம ரயில் வேஸ்ட்டு."

"ஃபாதர், நிஜமாவே இது தானா விழுந்துடுச்சு."

"தன்னடக்கம்" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகு, நானும் அம்மாவும் முறத்தாலும் டப்பாவாலும் சேற்றை அள்ளினோம். மாதா பத்திரமாகக் கிடைத்தார். ராஜாக்கள் கிடைத்தார்கள். சூசையப்பர் குப்புறக் கிடந்தார். அவரைத் தூக்கியபோது, வெள்ளை அங்கியின் கீழ்விளிம்பிலிருந்து பாதிவரை செம்மண் ஏறியிருந்தது. அந்தக் கறையின் உயரத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. ஒரு நொடியில் நினைவு வந்தது. நவமணி அக்காவின் பின்சுவர்.

நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கதவு மலை ஆகாது, பிளாஸ்டிக் தாள் பாறை ஆகாது. அது எனக்குத் தெரியும். ஆனால் என்ன நடந்தது என்பது கண்முன்னால் கிடந்தது. அடியில் வழுக்கும் தளம். மேலே களித்தன்மை மிகுந்த ஆழமான மண். அதற்கு மேல், போக வழியில்லாமல் நான் பிடித்து வைத்த தண்ணீர். அது மண்ணுக்குள் இறங்கி, மண்ணைக் கனமாக்கி, அடித்தளத்தில் போய் வழுக்கிவிட்டது. அந்த மலையிலும் செம்மண்ணுக்குக் கீழே பாறைதான். அங்கே மழை பூவாளியால் பெய்யாது. மழை அதிகமான, களிமண் மிகுந்த சரிவில் படியை உள்பக்கமாகச் சாய்த்து வெட்ட வேண்டும், உள்ளோரத்தில் வாய்க்கால் வைத்துத் தண்ணீரைப் பாறை ஓடைக்கு மரியாதையாக வழியனுப்ப வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. படித்தேன், எழுதினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் வரைய உட்கார்ந்தபோது வரைந்தது குடத்தோடு வரிசையில் நின்ற பெண்.

"பெர்னா, என்னடி ஆச்சு? போட்டி போனா போவுது விடு" என்றார் அம்மா, சூசையப்பரைத் துடைத்துக்கொண்டே.

"போட்டி இல்லம்மா. அங்க நிஜமாவே ஒரு வீடு இருக்கு."

மறுநாள் காலை ராகவன் சாரைக் கூப்பிட்டேன்.

"சார், மலை சரிஞ்சிடுச்சு."

"எந்த மலை?" குரலில் இருந்த தூக்கம் சட்டென்று காணாமல் போனது.

"எங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல இருந்த மலை சார்."

"பெர்னா, நீங்க லீவுலதானே இருக்கீங்க?"

"ஆமா சார்."

"அப்ப லீவுலயே இருங்க."

வைத்துவிட்டார். நான் முந்தின நாள் எடுத்த படங்களை வரிசையாக அனுப்பினேன். சரிவுக்கு முன், வெடிப்பு, சரிவுக்குப் பின். (வெடிப்புப் படம், கூட்டத்தில் இருந்த மாமி ஒருவர் எடுத்த வீடியோவிலிருந்து. அதில் என் விளக்கவுரையும் தெளிவாகக் கேட்கிறது. இன்றும் அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அதைப் போடுவார்கள்.) சிறிது நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"அந்த மாட்டுக் கொட்டகை எந்தப் புள்ளியில வச்ச?"

"நவமணி அக்கா வீட்டுல சார்."

"ரிப்போர்ட்டைத் திற" என்றார். மரியாதை விகுதி போய்விட்டது. எனக்கு அதுதான் நிம்மதியாக இருந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்கத் திருத்தினோம். படிகள் குறுகின. உள்பக்கம் சாய்ந்தன. உள்ளோரத்தில் வாய்க்கால் வந்தது. வீட்டுக்கு நேர்மேலே இருந்த செங்குத்தான பகுதியை வெட்டாமல் பலாவுக்கும் சில்வர் ஓக்குக்கும் விட்டோம். அறிக்கை சொன்ன நாளில் போகவில்லை. தாமதத்துக்கு ராகவன் சார் தன் பெயரில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். என் பெயரை எழுதவில்லை. அதற்கு நான் இன்னும் அவருக்குச் சரியாக நன்றி சொல்லவில்லை.

கடினமான வேலை அதற்குப் பிறகுதான். நவமணி அக்காவிடம் போனில் சொல்ல வேண்டும்.

"என்ன கண்ணு, சமமா போடறேன்னுதானே சொன்ன? இப்ப உள்ள சாச்சு, அதும் சின்னதா போடறேங்கற. முட்டியப் பத்தி சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்கக்கா. ஆனா சமமா போட்டா விழுந்துடும்."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்பதைச் சொன்னேன். மலை, மழை, ஃபாதர், ஆட்டோ, எல்லாம். மறுமுனையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. இருமலோடு, யாரையோ கூப்பிட்டு "இங்க வாடி, இந்தப் புள்ள சாமி வூட்டையே பொதைச்சிருச்சாம்" என்று சொல்லி, மறுபடி ஆரம்பித்த சிரிப்பு.

"கொழந்த சாமி என்னாச்சு?"

"அவரு இன்னும் பொறக்கலைக்கா."

"வெவரமான கொழந்த." பிறகு குரல் இறங்கியது. "அந்தக் கொட்டாய நீ என் வூடு இருக்குற எடத்துலதான் வெச்சியா?"

"ஆமாக்கா."

"சரி. சாச்சே போடு. முட்டிக்கு நான் தைலம் தேச்சுக்கறேன்."

அடுத்த மழைக்காலம் முழுக்க நான் மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு, செல்போனில் அந்த மலையின் வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் தண்ணீர் வாசல்வரை வந்ததையே அம்மா சொல்லித்தான் கவனித்தேன். பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் நவமணி அக்காவே கூப்பிட்டார். "தண்ணி ஓரமா ஓடையப் பாத்துப் போயிருச்சு. காடு இந்தத் தடவ வூட்டுக்கு வரல கண்ணு. ஒரு மாதிரி வெறிச்சுன்னு இருக்கு" என்றார்.

போட்டி முடிவைச் சொல்லவில்லையே. முதல் பரிசு சேவியர் அங்கிளின் ரயிலுக்குத்தான். ஆனால் ஃபாதர் எங்களுக்காகவே, "விழிப்புணர்வுக்கான சிறப்புப் பரிசு" என்று ஒன்றை உருவாக்கி, மேடைக்கு அழைத்து ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார். உண்மையை மறுபடியும் ஒருமுறை அவர் காதில் சொன்னேன். "அப்படியே இரும்மா, மாறிடாதே" என்று தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அவருடைய அந்த அங்கி கடைசிவரை வெளுக்கவில்லை என்று கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில் பிள்ளை சொன்னார். எங்கள் வீட்டில் அந்தப் பாத்திரத்துக்கு இன்றைக்கும் பெயர் நிலச்சரிவு டப்பா. "இட்லியை நிலச்சரிவு டப்பாவுல வை" என்று அம்மா சாதாரணமாகச் சொல்வார். புதிதாக வரும் விருந்தாளிகள் ஒரு கணம் இட்லியை எடுக்கத் தயங்குவார்கள்.

போன டிசம்பரில் நவமணி அக்கா, முட்டியைக் காட்ட மருத்துவமனைக்கு வந்தவர், எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஒரு பை நிறைய மிளகு. குடில் பழையபடி காகித மலைக்குத் திரும்பியிருந்தது. முதலை, ஹெலிகாப்டர், எல்லாம் அதனதன் இடத்தில். மலையின் பின்னால் மட்டும் ஜூஸ் குடிக்கும் குழலை நீளவாக்கில் வெட்டி ஒரு வாய்க்கால் வைத்திருக்கிறேன். காகித மலைக்கு அது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

அக்கா குனிந்து பார்த்தார்.

"இதான் என் வூடா?"

"ஆமாக்கா."

அம்மா தடுப்பதற்குள், தொழுவத்தை மாதாவோடும் சூசையப்பரோடும் சேர்த்து அப்படியே தூக்கினார். மலையடிவாரத்திலிருந்து எடுத்து, இடப்பக்கம் ஓரமாகத் துருத்திக்கொண்டிருந்த மேட்டில் வைத்தார்.

"இங்க இருக்கட்டும். இங்கிருந்து பாத்தா பஸ்ஸு வர்றது தெரியும்."

அம்மா மூன்று ராஜாக்களையும் ஒட்டகத்தையும் எடுத்து, அந்த மேட்டைப் பார்த்து வரிசையாகத் திருப்பி வைத்தார். சூசையப்பரின் அங்கியில் செம்மண் கறை இன்னும் இருக்கிறது. அம்மா இப்போதெல்லாம் அதைத் துடைப்பதில்லை.